ஹெலனும் நானும் பேசிவிட்டோம்

எய்யா ஜெபா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் தமிழில், பெரிய பெரிய எழுத்தில். சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நீ. வாசிக்க வரவில்லை என்று சாக்குச் சொல்லாதே. எழுதி முடித்ததும் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். இப்போது எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். "ஏட்டி, கோவமா எழுதிராத. பிள்ள அங்க ஒத்தையில கெடக்கான்" என்கிறார். ஒத்தையில் எங்கே கிடக்கிறான், பெண்டாட்டியோடுதானே இருக்கிறான் என்று சொன்னேன். கோபம் போன வாரம் இருந்தது. இப்போது வடிந்துவிட்டது. வடிந்த பிறகுதான் பேனாவையே எடுத்தேன்.

விஷயம் இதுதான். ஹெலனுக்குப் பிரசவம் நெருங்குகிறது. தாய் இல்லாத பிள்ளை, நான் வந்து கூட இருப்பதாகத்தான் ஆரம்பத்திலிருந்தே பேச்சு. விசாவுக்கு அலைந்து, அதுவும் கைக்கு வந்து, மாட்டுங்கா மார்க்கெட்டில் பிரசவ மருந்துக்குச் சாமான் வாங்கி, வறுத்து இடித்துச் சலித்து வைத்த பிறகு நீ போன் பண்ணினாய். "அம்மா, ஹெலன் தனியாவே பாத்துக்கலாம்னு சொல்லுதா. நீங்க வந்தா அவளுக்கு டென்ஷன். ஒங்க ரெண்டு பேருக்கும் பேச்சும் புரியாது, நானும் ஆபீசுக்குப் போயிருவேன். பிள்ளைக்கு ஒரு வயசு ஆகட்டும், அப்புறமா வாங்க" என்றாய். நான் சரி என்றேன். போனை வைத்துவிட்டு அந்த மருந்துப் பொடியை டப்பாவோடு தூக்கி அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் தள்ளினேன். கண்ணில் படக்கூடாது என்றுதான். வேண்டாம் என்று சொன்ன மருமகள் வீட்டுக்கு வம்படியாக வந்து நிற்கிற மாமியார் நான் இல்லை. ஆனால் வலித்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன், நன்றாகவே வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என் போனில் ஹெலனின் குரல் வந்து கிடந்தது. ஞாயிறுதோறும் அவள் எனக்கு இங்கிலீஷில் குரல் பதிவுசெய்து அனுப்புவாள், உனக்கும் தெரியும். மழை பெய்கிறது, கால் வீங்கியிருக்கிறது, ஜெபா குழம்பு வைத்தான், கரியாகிவிட்டது, இப்படி ஏதாவது. இந்தத் தடவை குரலே வேறு மாதிரி இருந்தது. நான் கேட்டேன். அப்பா கேட்டார். பிறகு மேஜைமேல் போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம். குளிருக்குப் பயந்து உங்களுக்கு வர மனமில்லை என்று ஜெபா சொன்னான் என்கிறாள். பரவாயில்லை, உங்களைக் கட்டாயப்படுத்தி இழுக்க இதைச் சொல்லவில்லை என்கிறாள். "ஐ வாஸ் சோ லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்" என்றாள். அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். "ஏட்டி, அந்தப் பிள்ள அழுதாளா?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பம் இவன் நம்மகிட்ட ஒண்ணு சொல்லிருக்கான், அவகிட்ட வேற ஒண்ணு சொல்லிருக்கான்" என்றார். ரயில்வேயில் இருந்த மனுஷன், இரண்டு தண்டவாளம் எங்கே பிரிகிறதென்று அவருக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது.

அந்த ஒரு வரியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஃபோர்ட்டில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது, ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அதைத் தட்டியிருக்கிறேன். லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் எர்லி ரிப்ளை. விரல் தானாகப் போய்த் தட்டும். அதற்கு ஓர் அர்த்தம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை, முத்திரை குத்துகிற மாதிரி ஒரு காரியம். ஆபீசில் இங்கிலீஷ் எல்லாம் தாளில்தான் இருந்தது. வாயில் இந்தி, கொஞ்சம் மராத்தி, மத்தியானம் டப்பாச் சோறு சாப்பிடும்போது தமிழ். கடிதத்தில் கப்பல் தாமதமானால் 'டிலே', தள்ளிப்போட்டால் 'போஸ்ட்போன்', நிறுத்தினால் 'டிஸ்கன்டின்யூ'. சொல் நீளமாக இருந்தால் அது நல்ல இங்கிலீஷ் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். அப், ஆஃப், ஆன், அவுட், ஓவர் போன்ற பொடிச் சொற்கள் படிக்காத ஆள்கள் ஒட்டுப்போடுகிற கந்தல் என்று நினைப்பு. அந்தப் பொடிகளில்தான் ஹெலனின் சனங்கள் வாழ்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பிள்ளையைக் கொஞ்சுகிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்? முன்னால் பார்த்துக்கொண்டே இருத்தல், ஒருவர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டே இருத்தல். இத்தனை காலம் நான் தட்டிய வரிக்கு இதுதான் பொருள் என்று என் மருமகள் அழுதபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஏன் இப்படிச் செய்தான் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியும். நீ நாலாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கணக்கில் நீ பின்தங்குகிறாய், மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று அந்த டீச்சர் சடசடவென்று சொன்னார். கேட்ச் அப் என்ற ஒன்று மட்டும் என் காதில் நின்றது. எனக்கு வாயில் வந்த ஒரே இங்கிலீஷ், ஆபீஸ் கடிதத்து வரியைச் சொன்னேன். "யெஸ் மேடம், நீட்ஃபுல் வில் பி டன்." டீச்சர் பக்கத்து டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். பெரிதாக ஒன்றுமில்லை, உதடு கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நீ பார்த்துவிட்டாய். பஸ் ஸ்டாப் வரைக்கும் எனக்கு முன்னால் முன்னால் நடந்தாய். பஸ் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இனிமே நான் பேசுதேன்" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். அப்போது நாம் குடியிருந்த லேபர் கேம்ப் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அன்றிலிருந்து நீதான் எங்கள் வாய். செம்பூருக்குக் குடிவந்த பிறகு, இந்தக் கட்டடத்தின் சொசைட்டி மீட்டிங்கில் கமிட்டிக்காரர்கள் வேண்டுமென்றே இங்கிலீஷில் பேசுவார்கள். நம் குளியலறையில் தண்ணீர் ஒழுகுவதைப் பற்றி, அரும்பு மீசையோடு எழுந்து நின்று நீ பேசினாய். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். உனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தோம். எனக்கு எதிரே யார் இங்கிலீஷில் வாயைத் திறந்தாலும், நான் மூச்சு விடுவதற்குள் நீ முன்னால் வந்து நின்றுவிடுவாய். என்னை யாரும் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று நீ குடை பிடித்தாய். பிள்ளை கெட்டிக்காரன் என்று நாங்கள் அந்த நிழலில் சுகமாக நடந்தோம். உன் கை வலிக்குமா என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், வலித்ததா ராசா?

கல்யாணத்துக்குப் பிறகு ஹெலனைக் கூட்டிக்கொண்டு நீ முதல் தடவை இங்கே வந்தாயே, அப்போதும் நீதான் நடுவில். அவள் பெரிதாக ஏதோ சொல்வாள், கை ஆட்டிச் சொல்வாள், கண் விரியச் சொல்வாள். நீ என்னிடம், "நல்லா இருக்காம்" என்பாய். நான் ஒரு பெரிய கதை சொல்வேன். நீ அவளிடம் இரண்டு சொல் சொல்வாய். ஒருநாள் அவள் என்னைக் காட்டி, "கெட் ஆன் வித்" என்று ஏதோ சொன்னாள், முகமெல்லாம் சிரிப்பு. என்ன சொல்லுகிறாள் என்று கேட்டேன். "ஒங்ககூட அவளுக்கு ஒண்ணும் பிரச்சனையில்லையாம்" என்றாய். பிரச்சனையில்லையாமா? அந்தப் பிள்ளை சொன்னது, எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் நன்றாக ஒத்துப்போகிறது என்று. இப்போது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சில் இருந்த சூட்டையெல்லாம் ஆற்றி, பல் கூசாத பதத்தில் எங்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாய். எங்களுக்குப் பல் இருக்கிறது, ஜெபா.

பிறகு உன் சிநேகிதன் கல்யாணம் என்று நீ புனாவுக்குப் போனாய். போகும்போது ஹெலனையும் என்னையும் விட்டுவிட்டு, எரிகிற ஸ்டவ்வையும் சிலிண்டரையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறவன் மாதிரி பயந்துகொண்டே போனாய். மறுநாள் நான் அவளை மாட்டுங்காவுக்கு அழைத்துப்போனேன். குர்லாவில் ரயில் மாறி ஏறினோம், லேடீஸ் பெட்டியில் நெரிசல். உனக்குத் தெரியுமே, அங்கே ஒரு முறை இருக்கிறது. இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முன்னாலேயே எழுந்து, எதிரே நிற்கிறவளின் தோளைத் தொட்டு, "மாட்டுங்கா?" என்று ஒரே சொல் கேட்க வேண்டும். அவளும் இறங்குகிறவள் என்றால் தலையாட்டுவாள், இல்லையென்றால் ஒதுங்குவாள். நான் அதைக் கிரமமாகச் செய்துகொண்டு முன்னே போனேன். ஹெலனிடம் முந்தின ஸ்டேஷன் சயானிலேயே சொல்லியாயிற்று, நெக்ஸ்ட் ஸ்டேஷன் வி ஹாவ் டு டிஸ்எம்பார்க் என்று. கப்பல் ஆபீஸ் இங்கிலீஷ்! அவளும் மரியாதையாகத் தலையாட்டினாள். வண்டி நின்றது. நான் இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் உள்ளேயே நிற்கிறாள், ஏறுகிற கூட்டம் அவளை உள்ளே தள்ளுகிறது. யாரையும் இடிக்கக் கூடாதென்று இரண்டு கையையும் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள், பாவி மகள்.

ஊர் தெரியாத பிள்ளை, தாதரில் போய் இறங்கினால் எங்கே தேடுவேன்? அந்த நேரம் பார்த்து என் வாயில் டிஸ்எம்பார்க்கும் வரவில்லை, ஒரு எழவும் வரவில்லை. "இறங்கு பிள்ள! தள்ளிட்டு இறங்கிரு!" என்று அலறினேன். வாசலில் நின்ற ஒரு மராத்திக்காரி, "அரே, உத்தர்னே தோ உஸ்கோ" என்று கத்தி அவளுக்கு வழிவிடச் சொன்னாள். ஹெலன் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் முழங்கையை விரித்து இடித்துக்கொண்டு வெளியே வந்து என்மேல் விழுந்தாள். வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் நின்று சிரித்தோம், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் "கெட் ஆஃப்" என்றுதான் கத்துவோம் என்று. பதிலுக்கு நான் இறங்கிரு என்று சொல்லிக்கொடுத்தேன்.

அதன் பிறகு பூக்கடைத் தெருவில் நடந்து, இட்லிக் கடையில் காபி குடிக்க உட்கார்ந்தோம். அங்கேதான் அவள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். செத்துப்போய் வருஷங்கள் ஆயிற்று. "ஐ நெவர் காட் ஓவர் இட்" என்றாள். எனக்கு ஓவர்கம் தெரியும். சரக்கு இறக்குவதில் உள்ள சிரமங்களை ஓவர்கம் பண்ணுவோம் என்று எத்தனையோ கடிதம் தட்டியிருக்கிறேன். இவள் சொன்னது அது இல்லையென்று அவள் டம்ளரைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஒரு மேடு, அவள் இன்னும் அந்தப் பக்கமே நிற்கிறாள், தாண்டி வரவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் அம்மா போனபோது நான் உன்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன் என்பதைப் பாதித் தமிழிலும் பாதி உடைந்த இங்கிலீஷிலும் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. நீ புனாவிலிருந்து திரும்பி வந்து, "என்னம்மா, சமாளிச்சீங்களா?" என்று கேட்டாய். சமாளித்தோம் என்று மட்டும் சொன்னேன்.

அதிலிருந்து அவள் அனுப்புகிற குரல்களை நானும் அப்பாவும் உன்னிப்பாகக் கேட்க ஆரம்பித்தோம். முதலில் மலைப்பாக இருந்தது. ஒரே ஒரு 'புட்'. அதற்குப் பின்னால் ஆஃப் போட்டால் தள்ளிப்போடுவது, ஆன் போட்டால் உடுத்துவது, அவுட் போட்டால் அணைப்பது. அப் போட்டு, அதோடு நிற்காமல் வித்தும் சேர்த்தால் பொறுத்துக்கொள்வது. இரண்டு பொடியை அடுத்தடுத்து எப்படித்தான் வைக்கிறார்களோ என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நான்தான் சொன்னேன், நாம் மட்டும் என்னவாம் என்று. சின்ன வயதில் நீ சாப்பிடாமல் அடம் பிடிக்கும்போது நான் என்னென்ன சொல்லியிருக்கிறேன்? சாப்பிடு என்பேன். பிறகு சாப்பிட்டுப் பார் என்பேன். சாப்பிட்டுவிடு, சாப்பிட்டுக்கொள், கடைசியில் சாப்பிட்டுத் தொலை. சாப்பாடு ஒன்றுதான். கொஞ்சலும் கெஞ்சலும் கோபமும் எல்லாம் வாலில்தான் இருக்கிறது. நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை வைக்கிறோம், அவர்கள் பொடியை வைக்கிறார்கள். இதை அகராதியில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. யாராவது நம்மிடம் ஆசையாகவோ கோபமாகவோ பேச வேண்டும், நாமும் அதை நேரடியாகக் கேட்க வேண்டும். நடுவில் ஒருவர் நின்று சொன்னால் முதலில் உதிர்வது அந்த வால்தான்.

இப்போது உன் அப்பா கதை ஒன்று சொல்கிறேன். எதிரே இருந்துகொண்டு, "அத எதுக்கு இப்பம் எழுதுத?" என்று கேட்கிறார். எழுதத்தான் போகிறேன். எனக்குக் கல்யாணமான புதிதில் லேபர் கேம்பில் ஒற்றை அறை. மேலே பலகை அடித்த மச்சில் நாங்கள், கீழே உன் ஆச்சி. நான் உன்னை உண்டாகியிருந்தேன். ஆச்சி உன் அப்பாவிடம், இந்தக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு அவள் ஃபோர்ட்டுக்குப் போக வேண்டாம், வேலையை விடச் சொல் என்றார்களாம். இந்த மனுஷன் மேலே ஏறி வந்து என்னிடம், "அம்மா ஒன் இஷ்டம்னு சொல்லிட்டா" என்றார். கீழே இறங்கிப் போய் அவர்களிடம், "கிறிஸ்மஸ் முடிஞ்சதும் விட்டுருவா" என்றார். நான் மாமியார் தங்கம் என்று சந்தோஷமாக வேலைக்குப் போனேன். அவர்கள் மருமகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாள் என்று சந்தோஷமாக டப்பா கட்டிக் கொடுத்தார்கள். கிறிஸ்மஸ் போயிற்று, புது வருஷம் போயிற்று. அவர்கள் முகம் சுண்டிப்போயிற்று. ஏனென்று எனக்குத் தெரியாது. பேச்சு நின்றுவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு பேரும் பாளையங்கோட்டைத் தமிழ்தான் பேசுகிறோம், ஆனாலும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி, அவர் ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

ஒரு மத்தியானம் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும்போது அவர்களே கேட்டுவிட்டார்கள். "ஏ பிள்ள, வேலைய விட்டுருவேன்னு வாக்குக் குடுத்தியே, என்னாச்சு?" நான் எப்போது கொடுத்தேன் என்று கேட்டேன். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது. அன்று நாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் போட்ட சண்டையை லேபர் கேம்பே நின்று பார்த்தது. வேலையை விட மாட்டேன் என்று நான் கத்தினேன். பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று அவர்கள் கத்தினார்கள். கத்தி முடித்த பிறகு, அவர்கள் பயந்தது எனக்காகத்தான் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்கும் புரிந்தது. மறுநாளிலிருந்து கூட்டம் குறைந்த வண்டியில் ஏற்றிவிட ஸ்டேஷன் வரைக்கும் அவர்களே என்னோடு நடந்து வந்தார்கள். ஏணியில் இருந்தவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் திட்டு. ஆக, நீ செய்தது ஒன்றும் புதிதில்லை. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, கீரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார்.

நீ நல்ல மனதோடுதான் செய்தாய் என்று எனக்குத் தெரியும், எய்யா. அம்மா அங்கே வந்து ஆஸ்பத்திரியில் ஏதாவது பேச, எந்த நர்ஸாவது உதட்டைச் சுழிக்க, அதை நீ இன்னொரு தடவை பார்க்க நேருமே என்று பயந்தாய். சுழித்தால் சுழித்துவிட்டுப் போகட்டும். அந்த டீச்சர் சிரித்ததில் எனக்கு ஒரு பல் கூட விழவில்லை. ஆனால் நீ ஹெலனிடம் அம்மாவுக்கு மனமில்லை என்றும், என்னிடம் ஹெலனுக்கு விருப்பமில்லை என்றும் சொன்னாயே, அதில் இரண்டு பெண்கள், இரண்டு ஊரில், வேண்டாதவர்களாகிப் போனோம். நீ காப்பாற்ற நினைத்த இரண்டு பேரும்தான் அழுதோம். இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் நாளைக்கு உன் பிள்ளையும் இப்படித்தான் பேசத் தொடங்கும். ஆச்சி என்ன சொல்லுகிறார் என்று ஹெலன் அதனிடம் கேட்பாள், அம்மா என்ன சொல்கிறாள் என்று நான் அதனிடம் கேட்பேன். அந்தப் பிஞ்சு நடுவில் நின்று, யாருக்கும் நோகாதபடி சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும். உனக்கு நாங்கள் செய்ததை அதற்கும் செய்ய எனக்கு மனமில்லை. அதற்குத் தமிழும் சொல்லிக்கொடு, இங்கிலீஷும் வரட்டும். ஆனால் நம் வீட்டில் இனி ஒரு துபாஷி வேண்டாம்.

ஹெலனோடு உனக்குக் கோபம் வரும்போதும் இதை நினைத்துக்கொள். கோபம் வந்தால் கோபமாகவே சொல், அவளும் சொல்லட்டும். பேச்சைப் பதப்படுத்துகிறேன் என்று விழுங்காதே. விழுங்கியதெல்லாம் ஒருநாள் ஒன்றாக வெளியே வரும், அப்போது அது எதற்கான கோபம் என்றே இரண்டு பேருக்கும் தெரியாது. உன் ஆச்சிக்கும் எனக்கும் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

நான் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். முதலில் தாளில் எழுதிப் பார்த்தேன். வித் ரெஃபரன்ஸ் டு யுவர் மெசேஜ் என்று கை பழைய வழியிலேயே ஓடிற்று. அதைக் கிழித்துப் போட்டேன். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "ஹெலன், ஐ ஆம் கமிங் ஓவர். ஐ வில் ஸ்டே ஆன்" என்றேன். உன்னிடம் வருகிறேன், நீ போதும் என்று சொல்கிறவரைக்கும் இருப்பேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை, "தைரியமா இரு மக்கா, நான் வந்திருதேன்" என்று தமிழில் முடித்தேன். அவளிடமிருந்து உடனே குரல் வந்தது. சொல் ஒன்றும் இல்லை, சிரிப்பும் அழுகையும்தான். எனக்கு அது முழுசாகப் புரிந்தது. டிக்கெட் போட்டாயிற்று. மருந்து டப்பாவையும் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி இறக்கிக் கொடுத்துவிட்டார்.

நீ இரண்டு பேரிடமும் சொன்ன பொய்யைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விடவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை. அதனால் உனக்குக் கடைசியாக ஒரே ஒரு துபாஷி வேலை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் இங்கிலீஷில் சொல். உன்னைத் திட்டிய இடத்தில் வேகமாகப் போகாதே. உன்னைக் கொஞ்சிய இடத்தை வெட்கப்பட்டு விழுங்காதே. நடுவில் எங்கேயாவது உனக்கு அழுகை வந்தால் நிறுத்து. என்ன ஆயிற்று, ஏன் இப்படிச் செய்தாய் என்று அவள் கேட்பாள். நான் இதில் எழுதியதெல்லாம் என் ஊகம், பதில் உன்னிடம்தான் இருக்கிறது. அதை நீயே சொல்.

அம்மா